மூன்று மழலைகளும் நான்கு டசின் அணையாடைகளும்

மழலைகள் மூவர் உள்ள வீட்டிலே காலைப்பொழுது எவ்வாறு விடியும் என்பதை அவ்வீட்டுத் தாயன்றிப் பிறர் அறியார். கைக்குழந்தை பாலுக்கு அழும். அதற்கு மூத்தது நனைந்த துணியோடு வாசலில் நிற்கும். எல்லாருக்கும் மூத்தது நேற்றுப் போட்ட சட்டைதான் வேண்டுமென்று அடம்பிடிக்கும். இத்தகைய வீடொன்றிலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் எமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகனுக்கு மூன்று வயது. மகளுக்கு ஒன்றரை வயது. கடைக்குட்டிக்கு இரண்டு மாதம். “மாதக் கடைசியில் பம்பர்ஸ் வாங்குவதா, முட்டை வாங்குவதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் அம்மம்மா காலத்துத் துணிக்குத் திரும்பலாமா? திரும்புவதானால் எங்கே தொடங்குவது?” என்பது அவரது வினா.

இவ்வினா அவர் ஒருவருக்கே உரியதன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மதிப்பு, அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்டிய பொழுது, பிள்ளை பெற்ற வீடுகள் பல இதே கணக்கைப் போட்டுப் பார்த்தன. சில வீடுகள் துணிக்குத் திரும்பின. திரும்பியவற்றுட் சில இரண்டே வாரத்தில் கைவிட்டன. கைவிட்டதற்குக் காரணம் துணியன்று; தொடங்கிய முறையே. ஆகவே இவ்வாரம் அம்முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுவோம்.

இன்று பம்பர்ஸ் என்று நாம் பொதுப்பெயராக வழங்குவது, 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முதல் விற்பனைக்கு வந்த ஒரு பண்டத்தின் பெயர். அதற்கு முன் பிறந்த நம்மவர் எல்லாரும் பழஞ்சீலைத் துண்டில் வளர்ந்தவர்களே. அணையாடை என்பது பழந்தமிழ்ச் சொல். நப்பி என்பது நம் நாட்டில் இன்று வழங்கும் சொல். இரண்டையும் இக்கட்டுரையில் கலந்தே கையாளுவோம்.

கணக்கை முதலில் பார்ப்போம்

கடையில் வாங்கும் நப்பியையே நம்பியிருந்தால், இச்சகோதரியின் வீட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை வேண்டும்? கைக்குழந்தைக்கு 8, நடுப்பிள்ளைக்கு 5, மூத்தவனுக்கு இரவில் 1. ஆக 14. மாதத்துக்கு 420. தாம் வாங்கும் பொதியில் ஒன்றின் விலை என்னவென்று வகுத்து, அதனை 420 ஆற் பெருக்கிப் பார்க்கட்டும். வரும் தொகையை வீட்டுத் தலைவரும் தலைவியும் ஒன்றாயிருந்து ஒரு முறை பார்த்தல் நன்று.

மற்றொரு கணக்கும் உண்டு. அந்த 420 நப்பிகளும் எங்கே போகின்றன? அவற்றின் மேலுறையும் கீழுறையும் பிளாஸ்ரிக். உள்ளே மரக்கூழும், நீரை உறிஞ்சிக் களியாக மாறும் இரசாயன மணிகளும். பிளாஸ்ரிக் உக்குவதில்லை. நகரத்தில் அவை குப்பை மேட்டைச் சேர்கின்றன. 2017ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவிற் குப்பைமலை சரிந்து 32 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. கிராமத்திலோ வேலியோரத்தில் எறிந்ததை நாய் இழுத்துக் கிழிக்கும். எரித்தால் நச்சுப்புகை எழும்.

ஆயினும் துணி என்ற மாத்திரத்தே அது குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, ஒரு குழந்தையின் இரண்டரை வருடத்துக்குரிய நப்பிகளால் வளியிற் சேரும் கரியமில வாயுவைக் கணக்கிட்டது. கடை நப்பிக்கு ஏறத்தாழ 550 கிலோகிராம். துணி நப்பிக்குச் சராசரி 570 கிலோகிராம். துணியின் பங்கு கூடியதற்குக் காரணம் வெந்நீரும், மின்சாரத்தால் உலர்த்தும் யந்திரமுமே. இயந்திரம் நிறையத் துணி சேர்த்துத் துவைத்து, வெளியிற் கொடியில் உலர்த்தி, அதே துணியை இரண்டாம் குழந்தைக்கும் பயன்படுத்தினால், துணியின் பங்கு 40 சதவீதம் குறையும் என்றும் அவ்வாய்வு கூறிற்று. கொடியும் வெயிலும் நம்மிடம் உள்ளன. பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராய் இருக்கிறார்கள். ஆகவே துணி நப்பி ஏதாவதொரு வீட்டுக்கு மெய்யான சிக்கனமாகுமானால், அது மழலைகள் பலர் உள்ள வீட்டுக்கே ஆகும்.

எத்தனை துணி, எந்தத் துணி?

துணியைக் கடை நப்பியைவிட அடிக்கடி மாற்ற வேண்டும். இரண்டு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு 6 அல்லது 7. மூத்தவனுக்கு இரவில் 1. ஆக 20 என்று வைத்துக்கொள்வோம். இருபது உடுப்பில் இருக்க, இருபது துவைத்துக் கொடியில் இருக்கும். மழைக்கும் வயிற்றோட்டத்துக்கும் எட்டு கையிருப்பு. மொத்தம் 48, அதாவது நான்கு டசின். இதற்குக் குறைந்தால் நாளுக்கு இரு முறை துவைக்க நேரிடும். அதிலேதான் பலர் சலித்துப்போகின்றனர்.

நான்கு டசினையும் கடையில் வாங்க வேண்டியதில்லை. நூற்சீலை, பழைய வேட்டி, சாரம், தேய்ந்த படுக்கை விரிப்பு யாவும் உதவும். பன்முறை துவைத்துப் பழகிய பருத்தித் துணி புதுத் துணியைவிட மிருதுவானது. நீரையும் விரைந்து உறிஞ்சும். நைலோன், பொலியெஸ்ரர் கலந்த சீலைகள் எவ்வளவு மெல்லியனவாயினும் இதற்கு உதவா. அவை நீரை ஏற்பதில்லை. ஐயமிருந்தால் துணியின்மேல் ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். துளி உருண்டு நின்றால் அத்துணியை விலக்கிவிடுங்கள்.

ஆறு யார் நூற்சீலை 216 அங்குல நீளமும் ஏறத்தாழ 45 அங்குல அகலமும் உடையது. அகலத்தை இரண்டாகப் பிரித்து வெட்டினால், 22 அங்குலச் சதுரங்கள் 18 கிடைக்கும். இவை கைக்குழந்தைக்குப் போதியன. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு 27 அங்குலச் சதுரம் வேண்டும். அவ்வாறு வெட்டினால் ஒரு சீலையில் எட்டுத்தான் வரும். ஆனால் 18 அங்குல அகலத்தில் நீண்ட துண்டொன்று மிஞ்சும். அதனைப் பல மடிப்பாக மடித்துத் தைத்தால், இரவு வேளையிற் சதுரத்தின் நடுவே வைக்கும் உள்மடிப்புகள் ஆகிவிடும். ஓரங்களை மெல்லிதாக மடித்துத் தையுங்கள். இழை பிரிந்த ஓரத்தின் நூல் குழந்தையின் விரலிலோ மருமத்திலோ சுற்றி இறுக்கிவிடக்கூடும். சிறு நூலென்று எண்ணி இதனை அலட்சியஞ் செய்தலாகாது.

துவாய்த் துணியில் தைத்த நப்பிகள் கடைகளில் உண்டு. அவை நிறைய உறிஞ்சும். ஆனால் உலர நாட்செல்லும். வெயிலுள்ள ஊருக்கு ஒரு டசின் போதும். மற்றவை மெல்லிய துணியாகவே இருக்கட்டும். புதுத்துணி வாங்கியவர்கள் அதனை மூன்று நான்கு முறை துவைத்து உலர்த்திய பின்னரே பயன்படுத்த வேண்டும். பஞ்சில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசையும், ஆலையில் இட்ட கஞ்சியும் நீங்கினாலன்றி அது நன்றாக உறிஞ்சாது.

எந்தப் பிள்ளையிலிருந்து தொடங்குவது?

மூவருக்கும் ஒரே நாளிற் தொடங்குவது பெருந்தவறு. முதல் வாரம் நடுப்பிள்ளைக்கு மட்டும், அதுவும் பகலில், வீட்டிலிருக்கும் வேளையில் மட்டும் தொடங்குங்கள். நாளைக்கு ஐந்தாறு துணியோடு துவைப்பதும் உலர்த்துவதும் கைப்பழக்கமாகும். இரண்டாம் வாரம் கைக்குழந்தையைச் சேர்க்கலாம். இரவுக்கும் பயணத்துக்கும் கிளினிக் செல்லும் நாளுக்கும் கடை நப்பியையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தின் பின், முடியுமென்று தோன்றினால் இரவுக்கும் துணியைப் பழக்கலாம். தோன்றாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். பகலிற் துணி, இரவிற் கடை நப்பி என்று நடத்தினாலும், மேலே கண்ட 420 ஏறக்குறைய 90 ஆகக் குறைந்துவிடும். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற பிடிவாதம் இல்லறத்துக்கு ஆகாது.

மூன்று வயது மூத்தவனுக்கு இன்னொரு வழி உண்டு. படுக்குமுன் மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்வதும், பாயின்மேல் இறப்பர் விரிப்பும் அதன்மேல் ஒரு பருத்தித் துணியும் இடுவதுமே பல பிள்ளைகளுக்குப் போதும். இவ்வயதில் இரவில் நனைத்தல் இயல்பு. அதற்காகப் பிள்ளையை ஏசுவதும் தம்பி தங்கையோடு ஒப்பிட்டு நகைப்பதும் வேண்டா.

கட்டும் முறை

பழைய முறையே எளிது. சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீண்ட விளிம்பு குழந்தையின் இடுப்புக்குப் பின்னால் வரட்டும். கீழ்முனையைக் கால்களினூடே வயிற்றின்மேல் கொணர்ந்து, இரு பக்க முனைகளையும் அதன்மேல் வைத்து முடியுங்கள். ஆண்குழந்தைக்கு முன்புறத்தில் ஒரு மடிப்புக் கூடுதலாக இருக்கட்டும். பெண்குழந்தைக்கு நடுவில் இருக்கட்டும். கொப்பூழ்க்கொடி விழும்வரை துணியின் மேல்விளிம்பு கொப்பூழுக்குக் கீழேயே நிற்க வேண்டும். நனைந்த துணி அதன்மேற் படுதல் ஆகாது.

முடிச்சின்மேல் ஒரு விரல் நுழையும் இடம் வேண்டும். கால்களை நேராக நீட்டிச் சேர்த்து இறுகக் கட்டும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு, அது வேண்டா. குழந்தையின் கால்கள் தவளையின் கால்போல் மடங்கி விரிந்திருத்தலே இடுப்பு மூட்டுக்கு நன்று.

நடக்கும் பிள்ளைக்கு முடிச்சு நில்லாது. பூட்டுள்ள ஊசியே குத்த வேண்டும். குத்தும்பொழுது உங்கள் விரல்களைத் துணிக்கும் குழந்தையின் உடலுக்கும் இடையில் வையுங்கள். ஊசி நுழைய மறுத்தால், அதன் முனையைச் சவர்க்காரக் கட்டியில் ஒரு முறை குத்தியெடுத்தால் வழுக்கிச் செல்லும். கழற்றிய ஊசியை உடனே பூட்டி உயரத்தில் வையுங்கள். தரையில் விழுந்த ஊசியை முதலிற் காண்பவன் மூன்று வயது மூத்தவனாகவோ தவழும் பிள்ளையாகவோ இருப்பான்.

மேலே அணியும் பிளாஸ்ரிக் காற்சட்டை ஈரத்தை வெளியே விடாது. வெப்பத்தையும் வெளியே விடாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற வெப்பமான இடங்களில் இதனை வெளியே செல்லும் வேளைக்கு மட்டும் கொள்வது நலம். வீட்டிலிருக்கும்பொழுது நாளில் இரண்டு மூன்று முறை குழந்தையை வெறும் துணியின்மேல் விட்டு, தோலுக்குக் காற்றுப்பட விடுங்கள். நுவரெலியா போன்ற குளிர் நாட்டிலுள்ளோர் கம்பளி நூலிற் பின்னிய காற்சட்டையை மேலே அணிவிக்கலாம். கம்பளி ஓரளவு ஈரத்தைத் தன்னுட் கொண்டும் குளிராதிருக்கும்.

வாளியில் நீர் வேண்டா

இனிக் கூறுவது துணியைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. அழுக்குத் துணிகளை ஒரு வாளி நீரில் ஊறவிட்டு, நேரங் கிடைக்கும்பொழுது துவைப்பது நம் வீடுகளிற் பழைய வழக்கம். தவழும் பிள்ளையும் தளர்நடைப் பிள்ளையும் உள்ள வீட்டில் அவ்வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். இவ்வயதுப் பிள்ளைக்கு உடலின் அளவை நோக்கத் தலை கனமானது. வாளியை எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால், அதனால் நிமிர முடியாது, வாளியும் சாயாது. இரண்டங்குல ஆழ நீரே உயிரைப் போக்கப் போதும். சத்தமும் எழாது. தாய் அறையிற் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடமே இது நிகழும் வேளை.

ஆகவே அழுக்குத் துணிக்கு மூடியுள்ள உலர்ந்த வாளியே வேண்டும். மலம் பட்ட துணியை உடனே மலசலகூடத்தில் உதறி, ஒரு முறை அலசிப் பிழிந்து அதிற் போடுங்கள். சிறுநீர்த் துணியைப் பிழிந்து போட்டாற் போதும். ஒரு நாளுக்கு மேல் வைத்திராவிட்டால் நாற்றம் எழாது. கிணற்றடியில் ஊறவைத்தே ஆகவேண்டுமானால், வளர்ந்தவர் ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும். சலவைத் தூளும் வெளிற்றும் திரவமும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எவ்வீட்டிலும் வேண்டா.

துவைத்தல்

முதலிற் குளிர்ந்த நீரில் அலசுங்கள். மலக்கறையில் வெந்நீர் முதலிற் பட்டாற் கறை துணியிற் பிடித்துக்கொள்ளும். பின் சலவைத் தூள் இட்டு, கைபொறுக்கும் சூட்டுள்ள நீரிற் துவையுங்கள். யந்திரம் உள்ளவர்கள் 60 பாகைச் சூட்டை வைக்கலாம். இறுதியாக, நுரை அறவே நீங்கும்வரை அலசுங்கள். குழந்தையின் தோலிற் புண் காணும் வீடுகள் பலவற்றில், குற்றம் துணியிலே தங்கிய சவர்க்காரத்தினதே.

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சகோதரிகளுக்கு இதிற் தனியாக ஒரு சொல். சுண்ணக்கல் நிலத்தில் ஊறும் நம் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். அதிற் கட்டிச் சவர்க்காரம் நுரைப்பதற்குப் பதிலாகக் கசடாகத் திரண்டு இழைகளிற் படியும். நாளடைவில் துணி அட்டைபோல் விறைத்து, நீரை உறிஞ்ச மறுக்கும். அங்கே சலவைத் தூளே தகும்; சேர்த்து வைத்த மழைநீர் கிடைத்தால் கடைசி அலசலுக்கு அதனைப் பயன்படுத்தலாம். மேலும், மலத்துணி அலசிய நீர் கிணற்றடி வாய்க்காலில் ஓடலாகாது. சுண்ணக்கல்லில் வெடிப்புகள் உண்டு; மேலே ஊற்றிய அழுக்கு விரைந்து கீழிறங்கி நாம் குடிக்கும் நீரிலே கலந்துவிடும். மலசலகூடத்திலே அலசுதல் இதற்காகவும் நன்று.

துணியை மென்மையாக்கும் திரவங்கள் வேண்டா. அவை இழையின்மேல் எண்ணெய்போற் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். வெளிற்றும் திரவத்தை அன்றாடம் இட்டால் துணி இற்றுப்போகும். அதனைச் சிறுநீர் ஊறிய துணியின்மேல் நேராக ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது. சிறுநீரிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை எரிக்கும் வாயு எழும். வீட்டில் எவருக்கேனும் வயிற்றோட்டம் கண்டால், துவைத்த துணியைப் பத்து நிமிடம் நீரிற் கொதிக்கவிடுவதே பழுதற்ற வழி. கொதிக்கும் பானையருகே பிள்ளைகள் வாராதபடி ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளையின் துணியை மாற்றிய கையைச் சவர்க்காரம் இட்டுக் கழுவிய பின்னரே அடுத்த பிள்ளையைத் தொடுதல் வேண்டும். மூவர் உள்ள வீட்டில் ஒருவரின் நோய் மற்ற இருவருக்கும் பரவுவது பெரும்பாலும் கையினாலேயே.

உலர்த்தலும் அடுக்கலும்

வெயிலைப் போன்ற மருந்து வேறில்லை. தாய்ப்பாற் குழந்தையின் மஞ்சட் கறை எத்தனை முறை தேய்த்தும் போகாதிருந்து, ஈரத்தோடு இரண்டு மணிநேரம் வெயிலில் விரித்தால் மங்கி மறையும். கிருமிகளையும் வெயில் குறைக்கும். கொடியில் விறைத்துப்போன துணியை இரண்டு கையாலும் கசக்கி உதறினால் மிருதுவாகும்.

வடகிழக்குப் பருவமழை வீசும் ஒக்ரோபர் முதல் சனவரி வரையிலான காலமே வடக்கு, கிழக்கிலுள்ளோர்க்குச் சோதனை. தாழ்வாரத்தில் இரண்டு கொடிகளை இடைவெளி விட்டுக் கட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகத் துணி போடாதீர்கள். முக்காற்பங்கு உலர்ந்ததை இஸ்திரிக்கை போட்டு முடிக்கலாம். அடுப்படிப் புகையில் உலர்த்துதல் நன்றன்று. கொழும்பு மாடிவீட்டிலுள்ளோர்க்கு மடக்கும் சட்டமொன்று மாடத்தில் இருந்தால் இருபது துணி காயும். மழை விடாத வாரத்தில் கடை நப்பியை எடுத்துக்கொள்வதில் யாதொரு இழிவும் இல்லை. அதற்காகவே ஒரு பொதியை வீட்டில் வைத்திருங்கள்.

மூத்த பிள்ளையின் துணிகளை அடுத்த பிள்ளைக்கென எடுத்து வைக்கும்பொழுது ஓர் எச்சரிக்கை. அலுமாரியில் நப்தலீன் என்னும் பூச்சி உருண்டையைப் போட்டு வைத்தலாகாது. அதன் ஆவி துணியில் ஏறி, குழந்தையின் மூச்சிலும் தோலிலும் சேரும். செங்குருதிக் கலங்களில் ஒரு நொதியம் பரம்பரையாகக் குறைந்த குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு இது குருதிக் கலங்களை உடைத்து, செங்கமாரியைக் கடுமையாக்கி, மூளைக்கே கேடு செய்யக்கூடும். எக்குழந்தைக்கு அக்குறை உண்டென்பது பார்வைக்குத் தெரியாது. எனவே எடுத்துவைக்கும் துணியை நன்றாக உலர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வெறுமனே வையுங்கள். உருண்டையோடு இருந்த பழந்துணி எவரேனும் கொடுத்தால், நன்கு துவைத்து, வாடை அறவே நீங்கும்வரை பல நாள் வெயிலில் இட்ட பின்னும் பிறந்த குழந்தைக்குக் கட்டாதிருப்பதே நலம்.

துணி சொல்லும் செய்தி

துணி நப்பியில் ஒரு நன்மை பலர் கவனியாதது. குழந்தை எத்தனை முறை நனைத்தது என்பதைத் துணி ஒளிக்காது. பிறந்து ஐந்து நாள் கடந்த குழந்தை நாளொன்றுக்கு ஆறு துணியாவது நன்றாக நனைத்தால், தாய்ப்பால் போதுமானது என்று தாய் மனம் ஆறலாம். பால் போதவில்லையோ என்று கலங்கிப் பால்மாப் பேணியைத் தேடும் இளந்தாயருக்கு இக்கணக்கு ஒரு துணை. காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் ஆறு மணிநேரமாகத் துணி நனையாதிருந்தாலோ, சிறுநீர் கடுமஞ்சளாக இருந்தாலோ, உடலில் நீர் வற்றுகிறது என்று அறிந்து தாமதியாது வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

தோல் சிவந்தால், முதலில் மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள்; இளஞ்சூட்டு நீராற் கழுவி, ஒற்றித் துடைத்து, காற்றாட விட்டு, துத்தநாகக் களிம்பை மெல்லிதாகப் பூசுங்கள். பவுடர் வேண்டா, அதன் தூள் குழந்தையின் மூச்சிற் செல்லும். மூன்று நாளில் ஆறாவிட்டாலும், தொடையிடுக்கில் கடுஞ்சிவப்பாகப் பரவி, அதன் ஓரத்தில் சிறு சிறு புள்ளிகள் தோன்றினாலும், அது பூஞ்சணத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. வீட்டுக்கு வரும் பொதுச் சுகாதார மருத்துவ மாதுவிடம் காட்டிக் கேளுங்கள்.

யாருடைய கைகள்?

இறுதியாக ஒன்று. இருபது துணியை நாள்தோறும் அலசித் துவைத்துப் பிழிந்து உலர்த்தி மடிப்பது விளையாட்டன்று. அம்மம்மா காலத்தில் இது நடந்தது மெய்யே. அக்காலத்து வீட்டில் அம்மம்மாவுக்குத் துணையாகத் தாயும் தமக்கையும் சித்தியும் இருந்தனர் என்பதும் மெய்யே. இன்று தனிக்குடும்பத்தில் இரண்டு மாதப் பச்சையுடம்புக்காரி ஒருத்தியே மூன்று பிள்ளைகளோடு நிற்கிறாள். பம்பர்ஸுக்குச் செலவாகும் பணம் அவளுடைய உறக்கத்திலிருந்து மீதப்படுமானால், அதனைச் சிக்கனம் என்று நாம் சொல்லமாட்டோம். சத்திரசிகிச்சையினாற் பிள்ளை பெற்றவர், நீர் அள்ள இயலாதவர், நீருக்கே தட்டுப்பாடான இடத்தில் வசிப்பவர் ஆகியோர் இதனைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை.

ஆகவே தொடங்குமுன் கணவரோடு உட்கார்ந்து வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். காலையில் வாளியிலுள்ளதை அலசித் துவைத்துக் கொடியிற் போடுவது தந்தையின் வேலையாகட்டும். அரைமணி நேரம் முன்னதாக எழுந்தாற் போதும். மாலையில் எடுத்து மடிப்பது வீட்டிலுள்ள பெரியவரின் வேலையாகட்டும். மூன்று வயது மூத்தவன் கொடிக்கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பான். தம்பிக்குத் தானும் ஒரு வேலை செய்கிறான் என்ற பெருமையில் அவனது அடமும் சற்றுக் குறையும். தாய்க்கு உரியது கட்டுவதும் மாற்றுவதுமே. இந்தப் பங்கீடு இயலாத வீட்டில், பகலில் ஒரு பிள்ளைக்கு மட்டும் துணி என்ற அளவோடு நிற்பது மேல்.

எழுதிய சகோதரி இம்மாதம் ஒரு பழஞ்சீலையை வெட்டி, நடுமகளுக்குப் பகல் வேளையில் மட்டும் தொடங்கிப் பார்க்கட்டும். நாளைக்கு நான்கு கடை நப்பி மீதப்பட்டாலும் மாதத்தில் 120 ஆகும். அந்தப் பணத்தைத் தனியே ஒரு பேணியில் இட்டு, முட்டைக்கென்றே வைக்கட்டும். மாத முடிவில் எத்தனை முட்டை வந்தது, எத்தனை நாள் சலிப்பு வந்தது என்ற இரண்டையும் எமக்கு எழுதினால், மற்றச் சகோதரிகளுக்கும் அது பயன்படும்.

அடுத்த வாரம், மழைக்காலத்திற் பிள்ளைகளின் படுக்கையையும் பாயையும் ஈரமின்றிப் பேணும் வகை பற்றி எழுதுவோம்.